பாசியும் கல்பாசியும்

தமிழில் 'பாசி' என்பது தாராள மனம் படைத்த ஒரு சொல். குளத்து நீரின்மேல் பச்சைத் துணி விரித்தாற்போல் படர்ந்திருப்பதும் பாசி; மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரிலும் மதிலிலும் மெத்தென்று முளைத்திருப்பதும் பாசி; செட்டிநாட்டுச் சமையலில், காய்ந்த எண்ணெயில் இட்டவுடன் மணம் பரப்புகின்ற கருஞ்சாம்பல் நிறச் சருகும் கல்பாசி. குறுந்தொகையில் வரும் தலைவி ஒருத்தி, தன் மேனியில் படரும் பசலைக்கு ஊரார் நீருண்ணும் துறையில் படிந்த பாசியை உவமை கூறுகிறாள். தொட்டால் விலகி, விட்டால் மீண்டும் பரவுகின்ற அது நீர்ப்பாசி. அதனைப் பற்றி இன்று நான் விரிவாகப் பேசப் போவதில்லை. பாறையிலும் மரத்திலும் மண்ணிலும் வாழ்கின்ற மற்ற இரண்டைப் பற்றியே பேச விரும்புகிறேன். மதிலில் மெத்தென்று முளைப்பதை விஞ்ஞானிகள் 'மாஸ்' என்பர்; கல்பாசியைச் சேர்ந்த இனத்தை 'லைக்கன்' என்பர்.

பெயர்க் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் 'பனிமான் மாஸ்' என்று ஒன்று உண்டு. 'ஐஸ்லாந்து மாஸ்' என்று மற்றொன்று உண்டு. இரண்டும் மாஸ் அல்ல, லைக்கன்களே. 'ஸ்பானிய மாஸ்' என்பதோ அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் செடி. 'ஐரிஷ் மாஸ்' கடலில் வாழும் ஒரு செந்நிறப் பாசி. சிறியதாய், தாழ்ந்ததாய், படர்ந்து கிடப்பதை எல்லாம் ஒரே பெயரால் அழைத்துவிடுவது எந்நாட்டு மக்களுக்கும் இயல்பு போலும்!

"இரண்டும் பாசிதானே? வேறுபாடு தெரிந்து என்ன பயன்?" என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம். இவ்விரண்டும் ஒரே கல்லின்மீது அருகருகே வாழ்ந்தாலும், ஒன்று தனித்து நிற்கும் ஒரு தாவரம். மற்றொன்று தாவரமே அன்று, வெவ்வேறு உயிர்கள் கூடி நடத்தும் ஒரு குடும்பம். இதனை அறிந்துகொண்டால், நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றி இவை நமக்குச் சொல்லும் செய்தியையும் படிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் கண்ணால் கண்டு அறியக்கூடிய வேறுபாடுகளைப் பார்ப்போம். நீலகிரியிலோ பழனி மலையிலோ சோலைக்காட்டு மரம் ஒன்றின் அருகே நின்றால் இரண்டையும் ஒருங்கே காணலாம். அடிமரத்தில் ஈரம் தங்கும் இடத்தில் பசுமையான மெத்தை ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு சிறு துளியை எடுத்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியால் நோக்குங்கள். நூல் போன்ற தண்டும், அதனைச் சுற்றி அடுக்கிய மிகச் சிறிய இலைகளும் தெரியும். ஒரு குட்டிக் காடே கண்ணெதிரே விரியும். அதுவே மாஸ். சற்று மேலே, வெயில் படும் பட்டையின்மீது சாம்பல் நிறத்திலோ, வெளிர்பச்சையிலோ, மஞ்சளாகவோ வட்ட வட்டமாக ஒட்டியிருப்பதைப் பாருங்கள். கைக்கண்ணாடியால் எவ்வளவு நோக்கினாலும் அதில் தண்டும் தெரியாது, இலையும் தெரியாது. அதுவே லைக்கன்.

லைக்கனின் உருவம் பெரும்பாலும் மூவகைப்படும். கல்லின்மேல் சாயம் பூசியதுபோல், பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு வகை. ஓரங்கள் நிமிர்ந்து, கிழிந்த காகிதத்தைப் போல் படர்வது இரண்டாம் வகை. நம் கல்பாசி இதனைச் சேர்ந்தது. சிறு புதர் போல் கிளைத்தோ, மரக்கிளையிலிருந்து தாடிபோல் தொங்கியோ வளர்வது மூன்றாம் வகை. தாடி போன்ற லைக்கனைக் கண்டு மாஸ் என்று மயங்குவோர் பலர். அதற்கும் இலை இல்லை என்பதை நினைவில் வைத்தால் மயக்கம் தீரும்.

இரண்டுக்கும் ஒற்றுமைகளும் உண்டு. உண்மையான வேர் இரண்டிற்கும் இல்லை. பூவும் விதையும் இல்லை. வெயில் கடுமையானால் காய்ந்து சருகாகி, மாண்டதுபோல் கிடந்து, மழை பெய்தவுடன் மீண்டும் உயிர்பெறும் ஆற்றலும் இரண்டிலும் பல இனங்களுக்கு உண்டு. இந்த ஒற்றுமைகளே மக்களை மயக்குகின்றன. ஆனால், ஒரே தெருவில் ஒரே மாதிரி உடையணிந்து வாழ்வதனாலேயே இருவர் உடன்பிறந்தவர் ஆகிவிடுவதில்லை அல்லவா?

மாஸின் கதையை இப்போது கேளுங்கள். உலகில் ஏறத்தாழ 12,000 வகை மாஸ்கள் உள்ளன. ஆலும் அரசும் எவ்வாறு தாவரங்களோ அவ்வாறே இதுவும் ஒரு தாவரம். தன் இலைகளில் உள்ள பச்சையத்தைக் கொண்டு, சூரிய ஒளியில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஆனால் பெரிய மரங்களில் நீரை மேலேற்றும் குழாய்கள் இருக்கின்றனவே, அத்தகைய வளர்ச்சி பெற்ற குழாய்கள் இதற்கு இல்லை. அடியிலுள்ள மெல்லிய இழைகள் பற்றிக்கொள்வதற்கு உதவுகின்றனவேயன்றி வேரின் பணி முழுவதையும் செய்வதில்லை. பெரும்பாலான மாஸ்களின் இலை ஒரே ஒரு செல்லின் கனமே உடையது. அந்த இலைப்பரப்பு முழுவதாலும் அது மழையையும் பனியையும் பருகுகிறது. நீரை உயரத்திற்கு ஏற்ற முடியாமையாலேயே மாஸ்கள் குள்ளமாக இருக்கின்றன. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்துப் பகுதிகளில் வளரும் டாஸோனியா என்னும் மாஸ் அரை மீட்டர் உயரம் வளர்வதே பெரிய அதிசயமாகப் பேசப்படுகிறது.

கல்லூரி மாணவர்கள் ஃபுனேரியா என்னும் மாஸைப் பாடமாகப் படித்திருப்பார்கள். அதன் வாழ்க்கையில் இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வருகின்றன. நாம் காணும் பச்சைச் செடி ஒரு தலைமுறை. அதன் நுனியில் ஆண் உறுப்புகளும் பெண் உறுப்புகளும் தோன்றுகின்றன. ஆண் அணுக்கள் இரண்டு மெல்லிய இழைகளைத் துடுப்பாகக் கொண்டு நீரில் நீந்திச் சென்று பெண் அணுவை அடைய வேண்டும். ஆகவே ஒரு துளி மழைநீரேனும் இல்லாவிட்டால் கருத்தரிப்பு நிகழாது. நிலத்தில் குடியேறிய பின்னும் நீரில் வாழ்ந்த பழைய நாட்களை மாஸ் இன்னும் மறக்கவில்லை எனலாம்.

கருவுற்ற பின், பச்சைச் செடியின் உச்சியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று எழுகிறது. அதன் முனையில் மூடியிட்ட குடுவை ஒன்று தோன்றுகிறது. இதுவே இரண்டாம் தலைமுறை. குடுவைக்குள் ஸ்போர் எனப்படும் நுண்ணிய வித்துத்தூள் நிறைந்திருக்கிறது. மூடி விழுந்ததும், வாயைச் சுற்றிலும் அமைந்துள்ள சிறு பற்கள், காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் அத்தூளைச் சிறிது சிறிதாக வெளியே விடுகின்றன. ஃபுனேரியாவின் காம்பும் ஈரத்துக்கேற்ப முறுக்கிக்கொள்ளும். மாஸ்களுக்கும் ஆண் பெண் உறுப்புகள் உண்டு என்பதை நுணுகி ஆராய்ந்து விளக்கியவர் ஜெர்மனியில் வாழ்ந்த ஜோஹான் ஹெட்விக். அவர் மறைந்தபின் 1801இல் வெளிவந்த அவரது நூலே மாஸ்களின் விஞ்ஞானப் பெயர்களுக்கு இன்றும் தொடக்க நூலாக விளங்குகிறது. தலைமுறைகள் மாறிவரும் நியதியை 1851இல் நிலைநாட்டியவர் வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர்.

இனி லைக்கனிடம் வருவோம். இதன் கதை ஒரு துப்பறியும் கதையை ஒக்கும். எரிக் அக்காரியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைக்கன்களை முறையாக வகுத்து ஆராய்ந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் லைக்கனை மற்றச் செடிகளைப் போல் ஒரு தனி உயிர் என்றே எண்ணினர். 1867இல் ஸைமன் ஷ்வெண்டனர் என்ற ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். லைக்கன் ஓர் உயிர் அன்று, இரண்டு உயிர்கள் என்றார் அவர். வெளியே சூழ்ந்து வீடாக நிற்பது பூசணம். உள்ளே அடைபட்டிருப்பது பாசி. பூசணத்தை எசமானனாகவும் பாசியை அடிமையாகவும் அவர் உவமித்தார்.

லைக்கன் ஆராய்ச்சியில் முதிர்ந்த அறிஞர்கள் இதனைக் கேட்டுச் சினந்தனர். தாம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பொருள் ஒரு தனி உயிரே அன்று என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஃபின்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர் இறுதிவரை இதனை ஏற்கவேயில்லை. ஆயினும் சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. வேறுபட்ட உயிர்கள் இணைந்து வாழும் இத்தகைய வாழ்வுக்கு ஆல்பர்ட் ஃபிராங்க், அன்டன் டி பாரி ஆகிய ஜெர்மன் அறிஞர்கள் 1870களில் பெயரிட்டனர். 'ஸிம்பயோஸிஸ்' என்ற அச்சொல்லை நாம் 'கூட்டுவாழ்வு' என்கிறோம்.

கல்பாசியின் ஓர் இழையைக் குறுக்கே மெல்லியதாக அரிந்து நுண்பெருக்கியில் பார்த்தால் இக்குடித்தனத்தின் அமைப்பு தெளிவாகும். மேலே பூசண இழைகள் நெருங்கிப் பின்னிய கூரை. அதன் கீழே பச்சை மணிகளைப் போல் பாசி செல்கள். அதற்கும் கீழே தளர்ந்த பஞ்சு போன்ற பூசண இழைகள். அடியில் மீண்டும் ஒரு தளம். பாசி ஒளியைக் கொண்டு சர்க்கரை ஆக்கி அதில் பெரும்பங்கைப் பூசணத்துக்குக் கொடுக்கிறது. பூசணம் பாசிக்குத் தங்க இடம் தருகிறது. கடும் வெயிலிலிருந்து காக்கிறது. ஈரத்தைச் சேமித்து வைக்கிறது. சில லைக்கன்களில் பச்சைப் பாசிக்குப் பதிலாக நீலப்பசும்பாசி இருக்கும். அது காற்றிலுள்ள நைட்ரஜனையும் உரமாக்கித் தரவல்லது. பேர் பாசி என்றாலும் அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. 2016இல் டோபி ஸ்பிரிபில் என்பவரும் அவருடைய குழுவினரும் பல லைக்கன்களின் மேற்கூரையில் ஈஸ்ட் வகைப் பூசணம் ஒன்றும் குடியிருப்பதைக் கண்டறிந்தனர். இருவர் குடும்பம் என்று நினைத்த வீட்டில் மூன்றாமவரும் இருந்திருக்கிறார்!

குடும்பம் என்றால் வாரிசுச் சிக்கலும் உண்டு. மாஸின் ஸ்போர் தகுந்த ஈர மண்ணில் விழுந்தால் தானே முளைத்து மாஸாகிவிடும். லைக்கனிலோ ஸ்போர்களைத் தோற்றுவிப்பது பூசணம் மட்டுமே. அது முளைத்தாலும் தனக்குரிய பாசியைத் தேடி அடைந்தால்தான் மீண்டும் லைக்கன் உருவாகும். இந்த இடர்ப்பாட்டைத் தவிர்ப்பதற்குப் பல லைக்கன்கள் ஓர் உபாயம் செய்கின்றன. பாசி செல்கள் சிலவற்றைப் பூசண இழைகளில் முடிந்து, தூளாக வெளியே அனுப்பிவிடுகின்றன. பயணம் புறப்படும்போதே கட்டுச்சோறும் துணையும் கூடவே போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சியில் இரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன. மழை தவறாமல் பெய்தால் மாஸ் விரைவில் மதிலை மூடிவிடும். லைக்கனோ பொறுமையின் உருவம். பாறையில் ஒட்டிவளரும் சில லைக்கன்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரும் வளர்வதில்லை. ஆனால் பல நூற்றாண்டுகள் வாழ்கின்றன. ஆகவே, பனியாறு விட்டுச்சென்ற பாறைகளின் மேல் வளர்ந்துள்ள லைக்கன் வட்டங்களை அளந்து, அப்பாறைகள் வெளிப்பட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணிக்கும் முறையை ரோலண்ட் பெஷல் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1950இல் வகுத்தார். லைக்கனின் உறுதிக்கு மற்றொரு சான்றும் உண்டு. 2005இல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் இரண்டு வகை லைக்கன்களை ரஷ்ய விண்கலத்தில் அனுப்பி, வெட்டவெளியில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் திறந்துவைத்தனர். பூமிக்குத் திரும்பியதும் அவை மீண்டும் உணவாக்கத் தொடங்கின.

இவற்றால் உலகுக்கு என்ன பயன் என்பதையும் சிறிது கூறவேண்டும். ஸ்பாக்னம் என்னும் சதுப்புநில மாஸ் தன் உலர்ந்த எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரைத் தாங்கவல்லது. முதல் உலகப் போரில் பஞ்சு போதாதபோது காயங்களுக்குக் கட்டுப்போட அது பயன்பட்டது. அது மக்காமல் குவிந்து உருவாகும் கரிச்சதுப்பு நிலங்கள் பெருமளவு கரியைத் தம்முள் அடக்கிவைத்துள்ளன. லைக்கன்களோ, வடதுருவ நாடுகளில் குளிர்காலத்தில் பனிமான்களுக்கு உணவாகின்றன. நம் பள்ளிச் சோதனைச்சாலையில் அமிலத்தில் சிவந்து, காரத்தில் நீலமாகும் லிட்மஸ் தாளுக்குரிய சாயம் ராக்செல்லா முதலிய லைக்கன்களிலிருந்து கிடைத்ததே. அந்த ராக்செல்லாவின் ஓர் இனம் இந்தியக் கடற்கரை மரங்களிலும் வளர்கிறது.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். வேறுபாட்டை அறிவதால் என்ன பயன்? மேலே கூறிய நைலாண்டர் 1866இல் ஓர் உண்மையைக் கண்டார். பாரிஸ் நகரில் மற்ற இடங்களில் மறைந்துவிட்ட லைக்கன்கள் லக்ஸம்பர்க் பூங்காவில் மட்டும் செழித்திருந்தன. அங்கே காற்று தூய்மையாக இருந்ததே காரணம் என்று அவர் கூறினார். லைக்கனின் உள்ளமைப்பை ஏற்க மறுத்த அதே அறிஞர், லைக்கன் காற்றை அளக்கும் கருவி என்பதைச் சரியாக உணர்ந்தார். விண்வெளியைத் தாங்கும் லைக்கன் நகரத்துப் புகையைத் தாங்க முடியாமல் மடிவானேன்? நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டையாக்ஸைடு மழையில் கரைந்து லைக்கனுள் புகுகிறது. அதனைத் தடுக்க மெழுகுத்தோல் இல்லை. மரத்தைப்போல் பழைய இலையை உதிர்த்துவிடவும் வழியில்லை. பச்சையம் கெட்டுப் பாசி இறக்கிறது. உணவு அளிப்பவர் இறந்தபின் குடும்பம் நிலைக்குமா? பூசணமும் அழிகிறது. விண்வெளியில் அது உலர்ந்து உறங்கிக் கிடந்தது. நகரத்திலோ விழித்து நீர் பருகும்போதே நஞ்சையும் பருகுகிறது.

1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரு ஆங்கில அறிஞர்கள், மரத்தில் எந்த எந்த லைக்கன்கள் உள்ளன என்பதைக் கொண்டே காற்றில் கந்தக டையாக்ஸைடின் அளவை மதிப்பிடும் அட்டவணை ஒன்றை வெளியிட்டனர். 1952ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனைக் கொடும் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. புகை குறையக் குறைய, விட்டுப்போன லைக்கன்கள் பல பின்னர் அந்நகருக்குத் திரும்பி வந்தன.

மாஸும் காற்றைப் பற்றிச் சாட்சி சொல்லும். ஆனால் அதன் முறை வேறு. வேரில்லாமல் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் சத்தை ஏற்பதால், காற்றில் மிதந்து வரும் உலோகத் துகள்களை அது தன் இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் மரங்களில் வளர்ந்த மாஸிலிருந்து 346 மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர். காட்மியம் என்னும் நச்சு உலோகம் எந்தப் பகுதியில் மிகுந்துள்ளது என்பதை 2016இல் வெளியான அந்த ஆய்வு காட்டிக்கொடுத்தது. அதுவரை எவரும் ஐயுறாத வண்ணக் கண்ணாடித் தொழிற்சாலைகளின் அருகே அது மிகுந்திருந்தது. லைக்கன் தன் மறைவால் பேசுகிறது. மாஸ் தான் சேர்த்துவைத்த பொருளால் பேசுகிறது. எது எது என்று அறியாதவனுக்கு இந்தச் சாட்சிகளின் மொழி எவ்வாறு விளங்கும்?

மற்றொன்றையும் கூறிவிடுகிறேன். கடைத்தெருவில் வாங்கும் கல்பாசி தோட்டத்தில் பயிரிட்டது அன்று; காட்டு மரங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் உரித்து எடுத்தது. அது மாஸைப்போல் அடுத்த மழைக்கு முளைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் வளர்வதாக வைத்துக்கொண்டாலும், மையத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் பரவுவதற்குப் பத்து ஆண்டுகள் வேண்டும். நொடிப்பொழுதில் தாளிப்பில் பொரிந்துவிடும் ஒரு சிட்டிகையில் எத்தனை மழைக்காலங்கள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மரத்தை முற்றிலும் சுரண்டிவிடாமல், பரவுவதற்கு மிச்சம் வைத்து எடுக்கும் முறை வேண்டும் என்றே கூறுகிறேன். பாசிதானே என்ற அலட்சியம் அம்முறைக்குப் பகை.

பழனி மலையில் ஷெண்பகனூரில் வாழ்ந்த ஃபோரோ என்ற பாதிரியார் அம்மலையின் மாஸ்களைப் பொறுமையாகத் திரட்டி, அவற்றின் விவரத்தை 1961இல் வெளியிட்டார். லக்னோவில் டி. டி. அவஸ்தி இந்திய லைக்கன்களை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். இத்துறையில் செய்யவேண்டிய பணி நம் நாட்டில் இன்னும் நிறைய இருக்கிறது. அதற்கு முதலீடு மிகவும் குறைவு. ஒரு கைக்கண்ணாடி, ஒரு குறிப்புப் புத்தகம், ஓர் அளவுகோல், இவை போதும். பள்ளிக்குச் செல்லும் வழியில் பத்து மரங்களைத் தேர்ந்தெடுத்து, எதில் மாஸ் இருக்கிறது, எதில் லைக்கன் இருக்கிறது, எதில் இரண்டும் இல்லை என்று குறித்துவாருங்கள். சாலை ஓரத்து மரத்தையும் ஊருக்கு வெளியே தோப்பில் உள்ள மரத்தையும் ஒப்பிடுங்கள். எதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். அளந்து குறித்தால் போதும். அடுத்த ஆண்டும் அதே மரங்களை அளவுகோலுடன் சென்று பாருங்கள். வட்டம் விரிந்திருந்தால் உங்கள் ஊர்க் காற்றுக்கு அது நற்சான்று. சுருங்கியிருந்தாலோ மறைந்திருந்தாலோ, ஏன் என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.